பழவேற்காட்டில் முறைக்காரன் அடித்த பெனால்டி

எங்கள் ஐஸ் ஆலையில் குழாய் வெடித்து, அமோனியா நெடி தாங்காமல் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடியதே, அந்த வருஷம். ஓடினவர்களில் பாதிப் பேர் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது நெடி போயிருந்தது, சோறு கருகியிருந்தது. அதற்கப்புறம் வந்த மழைக்காலம் முடிந்து, பனி இறங்க ஆரம்பித்த சமயத்தில்தான் பழவேற்காட்டில் அந்தக் கோப்பை ஆட்டம் நடந்தது. வருஷம் என்ன என்று கேட்காதீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் விருப்பப்படி திருத்திக்கொள்ளட்டும், மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே வை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கோப்பையில் பெரிய டிவிஷன் டீமும் கிராமத்து டீமும் ஒரே சீட்டுக் குலுக்கலில் வரும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்த டீம் சின்னதோ அதன் ஊரில் ஆட்டம். ராயபுரத்தில் நாங்கள் கொண்டாடிய மில் டீமுக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்து டீம் சீட்டில் விழுந்தது. ஐஸ் ஏற்றுகிற லாரியில் நாங்கள் ஒரு கூட்டம் கிளம்பினோம். பின்கதவு இல்லாத லாரி. கதவு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வலைக்கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஈரப் பலகை வழுக்கிக்கொண்டே இருந்தது. மீஞ்சூர் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் கால் மரத்துவிட்டது.

நாங்கள் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தோம். முடிகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எங்கள் கோலி அந்தோணி அதைத் தடுத்துவிட்டான். மில்லில் அதுவரை தற்காலிகமாக இருந்தவனுக்கு அந்தத் தடுப்பினால்தான் வேலை நிரந்தரமானது. கல்யாணம், வீடு, பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நான் அந்தப் பெனால்டியைப் பார்க்கவில்லை. எங்கள் லாரி மணலில் புதைந்திருந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் ராயபுரம் டீக்கடையில் அந்த ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "பழவேற்காட்டானுங்க பெனால்டிய ரேஷன் கட மாரி கியூவுல வெச்சிகீறானுங்க. யாரு முறையோ அவன்தான் அடிக்கணுமாம். அன்னிக்கு முறை வந்த ஆளு தட்டி வுட்டான், நம்ம அந்தோணி குனிஞ்சி பொறுக்கினான்." இதைச் சொல்லாத வாய் இல்லை. வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தோணியும் கூடவே சிரிப்பான்.

போன பங்குனியில் அந்தோணியைப் பார்க்கப் போனேன். சர்க்கரை வியாதி. இடது கால் கறுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தான். மகள் எனக்கும் அவனுக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைப் பிடித்தால் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது அந்த ஆட்டத்தன்று ஊர் திரும்பும்போது லாரியின் பின்கதவில் மாட்டிக் கோணிப்போன விரல் என்று எல்லோருக்கும் தெரியும். அவனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். காபியைக் குடித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டான்.

"டேய் மாரி, நான் தடுத்தது தடுப்பாடா? இல்ல, பந்து தானா வந்து கையில குந்திக்கிச்சா?"

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"திங்கக்கெழம இந்தக் கால எடுக்கறாங்க. அன்னிக்கு இந்தக் கால ஊணித்தான் எகிறினேன். இது போவறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கணும்."

"நீதான் அங்க நின்னே. உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சிதான் இருந்துச்சி. அத்தினி பேரும் சொல்லிச் சொல்லி எனக்கே டவுட்டு ஆயிடுச்சி. மருமவன் கூட போன வாரம் சிரிக்கிறான். நீ போய் அடிச்சவனயே கேட்டுனு வா. அது நல்ல அடியா, இல்லியா? அவ்ளோதான்."

மறுநாள் காலை கிளம்பினேன்.

எனக்கு ராயபுரத்தைத் தாண்டினால் எல்லாமே வெளிநாடுதான். ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அதுதான் தப்பு. காற்றில் தூங்கிவிட்டேன். தலையில் அலுமினியக் கூடையோடு ஒரு அம்மா என் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"தாத்தா, எங்க எறங்கணும்?"

"பொன்னேரி."

"பொன்னேரி அப்பவே பூட்ச்சி. இது கும்மிடிப்பூண்டி. குந்தினே இரு, இதே வண்டி திரும்பிப் போவும்."

அவளும் பொன்னேரியைத் தாண்டி வந்தவள்தான். தூங்கவில்லை, பேச்சு வாக்கில் விட்டுவிட்டாளாம். இரண்டு பேரும் திரும்பிப் போனோம். கூடையில் மிச்சமிருந்த இரண்டு இட்லியில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ராயபுரத்து வண்டியில் கூடைக்காரியை இடித்துத் தள்ளுவதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே கூடை ஒரு இருக்கையில் உட்கார்ந்திருந்தது. ஆள் தரையில் இருந்தாள்.

பழவேற்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் தேசம்மா. நண்டு வியாபாரம். முன்பு எங்கள் ஆலையிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போவாள். கட்டி சின்னதாக இருந்தால் ஆலை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள், மாற்றிக் கொடுக்கும்வரை எழமாட்டாள். இப்போது அவளுக்கும் பல் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். காசிமேட்டில் மடவையை யாரும் பெரிதாக மதிக்க மாட்டோம், சேற்று வாடை அடிக்கும் என்போம். ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் தெரிந்தது. எங்களிடம் வருவதற்குள் அது எங்கள் ஐஸில் கிடந்து அந்த வாடையைப் பிடித்துக்கொள்கிறது. குறை மீனிடம் இல்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"தடுத்தாரா? எவன் சொன்னது? அது கோலு."

"கோலா?"

"வலை ஆடுச்சி, என் கண்ணால பாத்தேன். அந்த கோல்ல கட்டினதே எங்க நைனா வலைதான். எங்க வலை ஆடினா எனக்குத் தெரியாதா? ரெப்ரி உங்க ஊர் ஆளு, ஊதாம வுட்டுட்டான்."

இது எனக்குப் புதிய செய்தி. கோல் என்றால் அந்தோணியின் கால் போவதற்கு முன்பு அவனிடம் என்னவென்று போய்ச் சொல்வது? பேச்சை மாற்றினேன்.

"அது கெடக்கட்டும். பெனால்டிக்கு எதுக்கு முறை வெச்சீங்க? நல்லா அடிக்கிறவன் அடிக்க வேண்டியதுதான?"

தேசம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"முகத்துவாரத்துக்கிட்ட எறால் நல்லா படும். எல்லாரும் ஒரே நாள்ல வலைய வெச்சா வெட்டுக்குத்துதான். அதுக்குத்தான் பாடு. சீட்டு குலுக்கி, இன்னிக்கு இந்த வூடு, நாளைக்கு அந்த வூடுன்னு வெச்சிகீறோம். பெரிய வூடு, சின்ன வூடுனு பேச்சே கெடையாது."

"அது எறாலுக்கு."

"பந்து யாருது? ஊரு வாங்கினது. ஊர்ப் பொருள் எதுவா இருந்தா இன்னா, முறை வேணாமா? பெனால்டியும் அப்படித்தான். சீட்டு குலுக்கி வெச்சிருந்தாங்க. அன்னிக்கு ஏழுமலை அண்ணன் முறை. பந்துல முறை தப்பினா மறுநாள் ஏரியில தப்பும். அப்புறம் கோப்பைய வெச்சினு இன்னா பண்றது, நண்டா வேவிக்கிறது?"

எங்கள் தெருக் குழாயை நினைத்துக்கொண்டேன். அங்கே வரிசையில் வைத்த குடம் தானாகவே முன்னால் நகரும். யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால் குடத்துக்கே தெரியாது. முன்பு ஒரு தடவை குழாயடிச் சண்டையில் எங்கள் அண்ணிக்கு மண்டை உடைந்தது. இவர்கள் தண்ணீருக்குள்ளேயே வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பழைய மைதானத்தைப் பார்க்கப் போனேன். ஒல்லாந்துக்காரர்கள் கல்லறையை ஒட்டி இருந்தது. இப்போது பாதி இடத்தில் வீடுகள். கல்லறை மட்டும் அப்படியே இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். ஒல்லாந்துக்காரன் வியாபாரத்துக்கு வந்தான், கோட்டை கட்டினான், கோட்டை போய்விட்டது, செத்தவர்கள் மட்டும் நல்ல கல்லாகப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தன்று அந்தச் சுவர்மேல் வரிசையாக ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே சாய்ந்தால் கல்லறை, வெளியே சாய்ந்தால் மைதானம்.

பக்கத்தில் காதர் பாயின் டீக்கடை. டீயில் பொறையை நனைத்துத் தின்றுகொண்டே அவரிடமும் கேட்டேன். ஆட்டத்தன்று அவர் சுவர்மேல் இருந்தவர்.

"பந்து மேல பூட்ச்சி அண்ணே. சுவரத் தாண்டிக் கல்லறைக்குள்ள விழுந்துச்சி. எங்க மாமுதான் குதிச்சி எடுத்தாரு. அந்த எலும்புக்கூட்டுக்கு சலாம் சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு."

"கோலி தடுக்கலியா?"

"கோலியா? அவரு தரையில கெடந்தாரு. மேல போற பந்த அவரு இன்னாத்த தடுக்கறது?"

ஆக ஒரே பெனால்டி, ஒரே நாளில், மூன்று மாதிரி போய்விட்டது. எங்கள் ஊரில் கையில் வந்து உட்கார்ந்தது. தேசம்மாவுக்கு வலைக்குள் போனது. காதர் பாய்க்குச் சுவரைத் தாண்டியது. சொன்னவர்கள் எல்லோரும் நேரில் பார்த்தவர்கள்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனேன். அங்கே சேகர் இருக்கிறார் என்று தேசம்மா சொல்லியிருந்தாள். அந்தக் காலத்தில் குப்பத்து டீமின் முன்வரிசை ஆட்டக்காரர். எங்கள் தடுப்பு ஆட்டக்காரர்களை அன்று முழுக்க ஓட விட்டவர் அவர்தான், அது எனக்கே நினைவிருக்கிறது. இப்போது சுற்றிப்பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றைத் தலைக்கு வைத்துப் படகிலேயே படுத்திருந்தார்.

"பெரிசு, ஏரியா, முகத்துவாரமா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"பெனால்டி," என்றேன்.

கண்ணைத் திறந்துவிட்டார். மில் டீம் என்றதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலையின் பேரை நான் சொல்லவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"முறை வந்தா அடிக்கணும்னு ஒண்ணும் கெடையாது பெரிசு. முறைய அடுத்தவனுக்குக் குடுக்கலாம். வூட்ல சாவு, ஒடம்பு சரியில்ல, அப்படின்னா ஏரியிலயே குடுப்பாங்க. எங்கள்ல அந்த வழக்கம் இருக்குது. நான் கேட்டேன். அத்தினி ஜனத்துக்கு முன்னாடி, 'மாமா, குடு மாமா'ன்னு கேட்டேன். குடுக்கல."

"உங்க சொந்த மாமாவா?"

"எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவரு. அதான் கேட்டேன். வேற எவனையாவது கேப்பனா?"

"சரி, அவர் அடிச்சது எப்படி? நல்ல அடியா?"

"அடியா?" சேகர் உள்ளங்கையைக் காற்றில் மெதுவாக நகர்த்திக் காட்டினார். "பூனையத் தடவுவாங்களே, அந்த மாரி. உங்க மில்லு மேனேஜரு நாற்காலி போட்டு அங்கதான் குந்தினு இருந்தாரு. நான் அடிச்சிருந்தா மில்லுல வேலை குடுத்து என்னியும் லாரியில ஏத்தினு போயிருப்பீங்க. இப்ப பாரு, வர்றவனுக்கெல்லாம் சட்டைய மாட்டி வுட்டு, செல்பி எடுக்கச் சொல்ல ஆடாம நில்லு சார், ஆடாம நில்லு சார்னு கத்தினு கீறேன்."

"அப்புறம் மாமாகிட்ட பேசினீங்களா?"

"அதோட சரி. ஆனா ஒண்ணு கேளு பெரிசு. ஏரியில அவரு வூட்டு முறைக்கு அடுத்த முறை எங்க வூடு. நான் ஏரிக்குப் போயினு இருந்த காலத்துல, அவரு வலைய எடுக்கற வரைக்கும் பக்கத்துலயே படகுல நின்னுனு இருப்பேன். எடுத்துட்டு அவரு போவாரு, நான் வைப்பேன். ஒரு வார்த்தை கெடையாது. ஒரு நாளு தகராறும் கெடையாது."

அதைப் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு குடும்பம் வந்து ஏறியது. சேகர் மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்படியே ஊர் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பூனையைத் தடவின கதையை அந்தோணியிடம் போய்ச் சொல்ல முடியாது. நல்ல அடி என்று சொன்னார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை முடிந்துவிடும். மத்தியானம் தேசம்மா வீட்டில் நண்டைப் பிட்டுக்கொண்டே இதை அவளிடம் சொன்னேன். அவள் நண்டுக் காலைக் கடிக்க முடியாமல் அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றதுக்கு இவ்ளோ தூரம் வந்தியா? ராயபுரத்துலயே சொல்லியிருக்கலாமே. ஏழுமலை அண்ணன் தோணிரேவுல மக வூட்ல கீறாரு. ரோடு தோண்டிப் போட்டுகீறாங்க. நாளைக்குக் காத்தால நம்ம படகு நண்டெடுக்கப் போவும், குந்திக்கினு போ."

மூன்றாம் நாள் படகில் போனேன். ஏரி என்று பேர்தான். பாதி வழியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கடலில் படகு என்றால் எங்களுக்கு ஆழம் பயம். இங்கே ஆழம் இல்லாததுதான் பயம். படகோட்டி என்னை இறங்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் மட்டும் தள்ள, நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. தூரத்தில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கும் முழங்கால் அளவுதான். பழவேற்காட்டுக்கு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வண்டியைத் தள்ளியிருக்கிறேன்.

ஒற்றைச் செருப்போடு தோணிரேவில் விசாரித்தேன். ஏழுமலை வீட்டு வாசலில் கூரை நிழலில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். ஒரு காது கேட்காது. மகள்தான் அவர் காதருகே போய், "ராயபுரத்துலேர்ந்து வந்திருக்காரு நைனா, பந்து விஷயமா," என்று கத்தினாள்.

"நீங்க அந்த மில்லு டீமா?"

"ஆடல. கூட வந்தவன்."

"கோலி இருக்காரா?"

"இருக்கார்."

"விரலு சேந்துச்சா?"

"எந்த விரல்?"

ஏழுமலை இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு இடது கையை உயர்த்தினார். மற்ற விரல்களை மடக்கிச் சுண்டுவிரலை மட்டும் வெளிப்பக்கமாக வளைத்துக் காட்டினார். அந்தோணி டம்ளரைப் பிடிக்கிறபோது நிற்குமே, அச்சு அசல் அப்படியே.

"அது லாரிக் கதவுல மாட்டினதுன்னு சொல்வாரே," என்றேன்.

"எந்த லாரி? நான் அடிச்சதுல போனது அது. கடல்லேர்ந்து கொண்டக் காத்து அடிச்சினு இருந்துச்சி. பந்து வலப் பக்கமாத் தள்ளும்னு தெரியும். அதனால எடது கம்பத்துக்கு வெளியவே குறி வெச்சி அடிச்சேன். காத்து உள்ள கொண்டாந்துடும்னு கணக்கு. கொண்டாந்துச்சி. நானும் கோலுன்னுதான் நெனச்சேன். அந்தப் பையன் எங்கிருந்து எகிறினானோ தெரியல. அந்த விரல்ல பட்டு, சவுக்குக் கம்பத்துல டம்முனு அடிச்சி, மேல எகிறி சுவரத் தாண்டிப் பூட்ச்சி. நான் கிட்டப் போய்ப் பாக்கறேன், விரலு இப்படி நிக்குது. 'தம்பி, விரலு'ன்னேன். அவரு கைய அக்குள்ள வெச்சி மறைச்சிக்கினாரு."

கம்பம் ஆடினதில் தேசம்மா வீட்டு வலையும் ஆடியிருக்கும். காதர் பாயின் மாமுவும் பொய்யில்லை. இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு துண்டு பார்த்திருக்கிறார்கள்.

"இத ஊர்ல சொல்லலியா?" என்றேன்.

மகள் முந்திக்கொண்டாள். "சொன்னாருங்க. தோத்துட்டு வந்து நல்லாத்தான் அடிச்சேன்னா எவன் கேப்பான்? என்னை ஸ்கூல்ல கூட முறைக்காரன் பொண்ணுன்னுதான் கூப்புடுவாங்க."

"சேகர் உங்ககிட்ட முறையக் கேட்டாராமே?"

ஏழுமலைக்கு இது நன்றாகவே கேட்டது. மறுபடி ஒரு இறாலை எடுத்துக்கொண்டார்.

"கேட்டான். அவன் கேட்டது தப்பில்ல. என்னைவிட நல்லா அடிப்பான். குடுத்திருக்கலாம்."

"ஏன் குடுக்கல?"

"இன்னாத்தச் சொல்றது? ஆசைதான். பின்னாடியே நிக்கிற ஆளு நான். வர்ற பந்த வெட்டி அனுப்பறதுதான் வேலை. நானா நிறுத்தி வெச்சி, நானா பாத்து அடிக்கிற மாரி ஒரு பந்து எனக்கு வந்ததில்ல. அன்னிக்கு வந்துச்சி. எனக்கும் அடிக்கணும்னு இருந்துச்சி."

அதை உரித்துச் சட்டியில் போட்டார். அப்புறம் அவரே சொன்னார்.

"நான் குடுக்கலன்னு அவன் கோவப்பட்டா நியாயம். அத நான் வாங்கிக்கிறேன். ஆனா தடவினேன்னு சொல்றான் பாரு, அதுதான் எனக்கு ஆவல. அவன் கையிலேர்ந்து புடுங்கி நான் வீணாக்கிட்டேன்னு ஆவுதில்ல? நான் வீணாக்கல. என்னால ஆனத முழுசா அடிச்சேன். எதிர நின்ன ஆளுக்குத்தான் அது தெரியும். அவரு ஒரு வார்த்தை சொன்னா சேகர் கேட்டுப்பான்."

கிளம்பும்போது மகள் ஒரு பையில் இறால் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். "கோலிக்கு," என்றார் ஏழுமலை. தன் செருப்பையும் கழற்றி என்னிடம் நீட்டினார். எனக்கு இரண்டு விரல் அளவு சின்னது. குதிகால் வெளியே நிற்க நிற்க நடந்தேன்.

திரும்பி வரும்போது பொன்னேரிப் பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த லாரியில் நின்றது ஞாபகம் வந்தது. வலைக்கயிறு கையை அறுத்தது ஞாபகம் வந்தது. அந்தோணி திரும்பி வரும்போது எங்களோடு அதே கயிற்றைத்தான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற கையைத் துண்டில் சுற்றியிருந்தான். அந்த லாரிக்குப் பின்கதவே கிடையாதே! இத்தனை வருஷம் கதவில் மாட்டின கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ரயிலில் இந்தத் தடவை தூங்கவில்லை.

அந்தோணி வீட்டில் மருத்துவமனைக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். இறாலை மகளிடம் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரல் சேர்ந்ததா என்று கேட்டார் என்றதும் அந்தோணி தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவன் மருமகனும் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"லாரிக்குக் கதவே இல்லியேடா," என்றேன்.

"இல்லதான்." அந்தோணி கையை இறக்கவில்லை. "வர்ற வழி பூரா நீங்க எல்லாம் அவனப் பத்திப் பாட்டு கட்டிக்கினு சிரிச்சினு வந்தீங்க. முறைக்காரன் தட்டினான், முறைக்காரன் தட்டினான்னு. அவன் அடிச்சதுல விரலு பூட்ச்சின்னு நான் எப்படிச் சொல்றது? என்னியும் சேத்து சிரிப்பீங்க. சின்ன வயசு. லாரின்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அப்புறம் எனக்கே லாரிதான் ஆயிடுச்சி."

"அப்ப அது நல்ல அடியா?"

"டேய், காத்துல வளைஞ்சி வந்த பந்துடா அது! வெளிய போவுதுன்னு ஒரு செகண்டு வுட்டுட்டேன். அப்புறம்தான் எகிறினேன்." கறுத்த காலைக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். "இதுதான் எகிறுச்சி."

மருமகன் உள்ளே போய் மாமனாருக்குத் தலையணை ஒன்று கொண்டுவந்து வைத்தான். இறாலை அன்றைக்கே வறுத்தார்கள். அந்தோணி நாலு சாப்பிட்டான், அவனுக்கு அதற்கு மேல் கூடாது. திங்கட்கிழமை காலை எடுத்தார்கள். இப்போது சக்கர நாற்காலியில் வாசல்வரை வருகிறான். டீக்கடையில் யாராவது பழைய கதையை ஆரம்பித்தால் விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறான்.

பாக்கி இருப்பது சேகர்தான். அந்தோணியால் போக முடியாது. எனக்கும் அந்தச் சேற்றில் இறங்கினதிலிருந்து முட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், தேசம்மா சொன்னாள், ஏழுமலை பேரைக் கேட்டாலே அவர் வைத்துவிடுவாராம். அதனால் இதைப் படிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கவோ, கல்லறை பார்க்கவோ, நண்டு தின்னவோ போகிறவர்கள் படகுத்துறையில் சேகர் யார் என்று கேளுங்கள். ஆரஞ்சுச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். படகில் ஏறி உட்கார்ந்து, கரையை விட்டுக் கொஞ்சம் தூரம் போனபிறகு சொல்லுங்கள், அவரால் எழுந்து போக முடியாது. ராயபுரத்து கோலி அந்தோணி சொல்லச் சொன்னார், உங்கள் மாமா தடவவில்லை, அடித்தார், விரல் போனது அதில்தான் என்று. உங்களுக்குப் போக வாய்க்காவிட்டால், போகிறவர் யாரிடமாவது இதைச் சொல்லி அனுப்புங்கள். முறையை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அங்கே அந்த வழக்கம் இருக்கிறது.